மலிவான வீடு: வாங்குமுன் எண்ண வேண்டியவை

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் வீட்டைப் பற்றிப் பேச ஒருவனை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். செயலாளர் சொன்ன காரணம் எளியது. முன்பெல்லாம் நம்மிடம் படித்து வெளியேறிய பிள்ளைகள் திரும்பி வந்தால், "ஐயா, அடுத்து எந்தத் தேர்வு எழுதலாம்?" என்று கேட்பார்களாம். இப்போது வருபவர்கள், "ஐயா, காலனியில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது, மலிவாகச் சொல்கிறார்கள், வாங்கிப் பழுது பார்த்துக் குடிபோகலாமா?" என்று கேட்கிறார்களாம். கட்டட மேற்பார்வையாளனாக முப்பது ஆண்டுகள் சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் காலம் கழித்தவன் என்பதால் அந்தக் கேள்வி என் தலையில் வந்து விழுந்தது.

கேள்வி சிறியதன்று. இந்த வட்டாரத்தில் நம் மக்கள் "என் வீடு" என்று சொல்லும் உரிமையைப் பெற்ற வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிமார்களும் அக்காலத்தில் இதே மாவட்டத்திலிருந்து இதற்காகக் குரல் கொடுத்தார்கள். அவ்வறிக்கையில் நிலத்துக்கு இணையாகப் பேசப்பட்ட பொருள் குடியிருப்பு மனை. நம் பாட்டன் தன் கையால் சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்த குடிசை நின்ற மண்கூட மிராசுதாரரின் உரிமை என்றே கருதப்பட்டது. கூலி உயர்த்திக் கேட்டால், கோர்ட்டில் சாட்சி சொன்னால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்று ஒரு சொல் சொன்னால் போதும், எதிர்ப்பு அடங்கிவிடும். மனை தன்னுடையதாக இல்லாதவன் வாயும் தன்னுடையதாக இல்லை.

உடையவர் பிறந்த ஊர் இது. அவர் நம் மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்தார் என்பது மரபு. நல்ல பெயர்தான். ஆனால் பெயர் மாறிய பிறகும் குடியிருப்பு ஊருக்கு வெளியிலேயே இருந்தது. 1892-இல் அரசாணை பிறந்து, நிபந்தனையுடன் நிலங்கள் வழங்கப்பட்டன. மாகாணம் முழுதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதைத்தான். அதற்கு நெடுங்காலம் கழித்து, 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த வேளாண் தொழிலாளர்க்கு அம்மனையை உரிமையாக்கிற்று. 1974-இல் தாட்கோ தோன்றியது. 1978-இல் வந்த சட்டம் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுத்து மனைப்பட்டா வழங்க வழி செய்தது. 1985-க்குப் பின் இந்திரா நினைவுக் குடியிருப்புகள் வந்தன. இன்று ஒரகடம், வல்லம், மாம்பாக்கம் பக்கங்களில் "காலனி வீடு விலைக்கு வருகிறது" என்று சொன்னால், பெரும்பாலும் இந்த வரிசையில் ஏதோ ஒரு சட்டத்தின் வழியாக நம் கைக்கு வந்த வீடுதான் விலைக்கு வருகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டே மற்றவற்றைப் பேச வேண்டும்.

பின்னர் தொழிற்சாலைகள் வந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் நோக்கியா வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸானும், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் தொடங்கின. ஏரிப் பாசனத்தில் ஒருபோகம் விளைந்த நிலமெல்லாம் சதுர அடிக் கணக்கில் பேசப்படும் காலம் வந்தது. ஊருக்குள் வாடகை வீடு தேடிப் போகும் நம் பிள்ளைகள் படும் பாட்டை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. முன்பணம் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே, "நீங்க எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். தெருவின் பெயரைச் சொன்னதும் வீடு வேறொருவருக்குப் பேசி முடிந்திருக்கும். சட்டையில் கம்பெனிப் பெயர் இருந்தாலும் இதுவே நிலை. ஆகவேதான், "வாடகைக்கு அலைவதைக் காட்டிலும் சிறிதாயினும் சொந்த வீடு" என்னும் எண்ணம் அவர்களிடம் வலுக்கிறது. இதை ஆசை என்று ஒதுக்கிவிட என்னால் இயலாது.

எனினும் வாங்க வந்தவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த வீடு ஏன் மலிவு? சாலையில் மனை விலை ஏறிக்கொண்டே போகும் வட்டாரத்தில் ஒரு வீடு பாதி விலைக்கு வருகிறது என்றால், மீதிப் பாதி எங்கோ ஒளிந்திருக்கிறது. அது பத்திரத்தில் இருக்கலாம், நீரில் இருக்கலாம், கூரையில் இருக்கலாம். சில வேளை விற்பவரின் கண்ணீரிலும் இருக்கலாம்.

பத்திரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நம்மவர் பலர் வில்லங்கச் சான்று ஒன்றைப் பார்த்துவிட்டு, "வில்லங்கம் இல்லை, எல்லாம் சுத்தம்" என்று மனநிறைவு அடைகிறார்கள். வில்லங்கச் சான்று பதிவான ஆவணத்தை மட்டுமே காட்டும். வெள்ளைத்தாளில் கைரேகை வைத்து வாங்கிய கடன் அதில் வராது. விற்பவரின் தமக்கை தங்கையர் பங்கும் அதில் வராது. நிலம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் அது சொல்லாது. அதற்கு அ-பதிவேட்டைப் பார்க்க வேண்டும். சர்வே எண்ணைக் கொடுத்தால் இணையத்திலேயே அதன் பகர்ப்பு கிடைக்கிறது. அதுவும் போதாது. 1979 தொடங்கி 1987 வரை நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பணி நடந்தது. அப்போது பழைய எண்கள் மாறின. பழைய பதிவேட்டில் நம் மக்களுக்கு நிபந்தனையுடன் வழங்கியது என்று இருந்த நிலம், புதிய பதிவேட்டில் அக்குறிப்பே இல்லாமல் வேறு பெயரில் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். ஆகையால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திப் பார்த்துப் பழைய பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். தர மறுத்தால் 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு. இக்கழகத்தில் எழுதப் படிக்கக் கற்றவர்கள் அந்த மனுவை எழுத அஞ்சலாகாது.

பஞ்சமி நிலத்தில் நிற்கும் வீடாயின் என் கருத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே குழப்பம் மிகுதி. முதல் பத்து ஆண்டுகளுக்கு அந்நிலத்தை விற்கலாகாது, அடகு வைக்கலாகாது. அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோர் அல்லாதவர்க்கு விற்கலாகாது. மீறினால் அரசு இழப்பீடின்றி மீட்டுக்கொள்ளலாம். இவையே நிபந்தனைகள். ஆக, நம்மவர் ஒருவர் நம்மவரிடமிருந்து வாங்குவதை நிபந்தனை தடுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு கை, நம்மவர் அல்லாத ஒருவர் கை, புகுந்து வெளியேறியிருந்தால் சங்கிலி அங்கே அறுந்துவிட்டது. அத்தகைய விற்பனை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. அறுந்த சங்கிலியின் கடைசிக் கண்ணியைக் காசு கொடுத்து வாங்குவதால் அது ஒட்டாது. எனவே 1892 முதல் இன்றுவரை யார் யார் கைக்கு மாறியது என்பதை ஒவ்வொரு பெயராகக் கேட்டெழுத வேண்டும். சங்கிலி முழுமையாக இருந்தாலும், பதிவு அலுவலகம் பதிய மறுக்கலாம், வங்கி கடன் தர மறுக்கலாம். அந்த வீடு மலிவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

இந்த இடத்தில் தரகர் ஒருவர் வருவார். "அந்தக் குறிப்பை எடுத்துவிடலாம், அலுவலகத்தில் எனக்கு ஆள் உண்டு, இவ்வளவு செலவாகும், அப்புறம் இதே வீடு மூன்று மடங்கு போகும்" என்பார். மூன்று மடங்கு யாருக்குப் போகும் என்று கேளுங்கள். அந்தக் குறிப்பு இருப்பதனால்தான் அந்நிலம் இத்தனை காலம் சாலையோரத்தில் ஒரு கிடங்காக மாறாமல் நமக்கு எஞ்சியிருக்கிறது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை நிலத்துக்காகச் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் மீட்கப் போராடிய உரிமையை நாமே பணம் கொடுத்து அழிப்பது என்ன நியாயம்? நிபந்தனையோடு வாங்கி நிபந்தனையோடு வாழ முடியுமானால் வாங்குங்கள். முடியாதென்றால் விட்டுவிடுங்கள்.

ஏனைய வகைகளை விரைந்து சொல்கிறேன். கிராம நத்தத்தில் உள்ள வீடு பெரும்பாலும் அச்சமற்றது. நத்தம் பட்டாவையும், வீட்டு வரி, மின் இணைப்பு ரசீதுகளையும் பாருங்கள். ஏரி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கில் கட்டிய வீட்டை இனாமாகக் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம். அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக் கூடாதென 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவ்வாண்டு அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் தரலாகாது. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் அறிவிக்கையில் அந்த எண் வந்துள்ளதா என்பதையும் விசாரியுங்கள். பரந்தூர் வான்வழி நிலையத்துக்கென 2022-இல் ஊர்ப்பெயர்கள் வெளிவந்த நாள் முதல் ஏகனாபுரத்து மக்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தெரிந்தே அத்தகைய இடத்தில் வீட்டைப் பிறர் தலையில் கட்ட நினைப்பாரும் உண்டு.

அடுத்து நீர். காஞ்சிபுரம் மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். திருப்பெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி என்று ஒன்றன் உபரி மற்றொன்றில் சேர அமைத்தார்கள் நம் முன்னோர். அந்தக் கலங்கல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் நடுவே இன்று மதிற்சுவர்கள் எழும்பியிருக்கின்றன. நீருக்கு மதிற்சுவர் தெரியாது, சரிவு மட்டுமே தெரியும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டபோது கீழே அடையாற்றங்கரை என்னவாயிற்று என்பதை உலகமே பேசிற்று. அதற்கு மேலே, நம் பக்கத்துக் காலனிகளில் மூன்று நாள் அடுப்பு எரியாமல் கிடந்ததை யாரும் பேசவில்லை. காலனிக்கென்று அக்காலத்தில் எடுத்த நிலம் பெரும்பாலும் ஊரின் தாழ்ந்த பகுதி என்பதை மறவாதீர்கள். மேட்டு நிலத்தை யார் விட்டுக் கொடுத்தார்கள்?

ஆகவே நான் எல்லார்க்கும் சொல்லும் ஒரு விதி: வெயிற்காலத்தில் வீடு பார்த்து வெயிற்காலத்திலேயே முன்பணம் தராதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்றாவது கழியட்டும். விற்பவர் அவசரப்படுத்தினால், அக்கம்பக்கத்து மூதாட்டியரிடம், 2015-இல் நீர் எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள். ஆடவர் ஏறக்குறையச் சொல்வார்கள். பாத்திரங்களைப் பரணில் ஏற்றிய பெண்கள் விரற்கடை பிசகாமல் சொல்வார்கள்.

இனிக் கட்டடம். இது என் தொழில் ஆதலால் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள். விலைக்கு வரும் தொகுப்பு வீடுகளில் பல நாற்பது ஆண்டு அகவை உடையவை. சுவர் நன்றாக நிற்கும், கூரைதான் நோய். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிமேல் போதிய பூச்சுக் கனம் விடாமல் அக்காலத்தில் வார்த்தார்கள். மழைநீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தது. துரு இரும்பைக் காட்டிலும் பருமன் மிகுந்தது. அது உள்ளிருந்து தள்ளத் தள்ள அடிப்பகுதிக் காரை பெயர்ந்து விழுகிறது. தொட்டிலில் குழந்தை உறங்கும்போது அது விழுந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே வீடு பார்க்கப் போகும்போது ஒரு சிறு சுத்தியலைக் கொண்டு போங்கள். கூரையின் அடிப்பகுதியை நான்கு மூலையிலும் நடுவிலும் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் உறுதி. பொத்தென்றால் உள்ளே பிரிந்திருக்கிறது. அங்கங்கே சிறு திட்டுகளாக இருந்தால் பெயர்த்து, கம்பியைத் தேய்த்துத் துரு நீக்கிப் பூச்சிட்டு மீண்டும் அடைக்கலாம். கம்பியே பாதியாக மெலிந்திருந்தால் அதன்மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் பயனில்லை. கூரையை இறக்கிப் புதிதாகத்தான் வார்க்க வேண்டும். நீர் ஒழுகுகிறதென்று நலிந்த தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் தட்டோடும் பரப்புவாரும் உண்டு. நோயாளியின் மார்பில் அம்மியை வைப்பது போன்றது அது.

சுவரில் வெடிப்பு இருந்தால் அது பழைய வெடிப்பா, இன்னும் வளர்கிறதா என்பதே கேள்வி. மயிரிழை போன்று பூச்சில் மட்டும் ஓடுவது அஞ்சத்தக்கதன்று. சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருந்தால் அடித்தளம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று பொருள். ஏரியை அடுத்த களிமண்ணில் இது மிகுதி. வெடிப்புக்குக் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டை இருபுறமும் காரையால் ஒட்டி வையுங்கள். ஒரு மழையும் ஒரு வெயிலும் கடந்த பின்னும் உடையாமல் இருந்தால் வெடிப்பு நின்றுவிட்டது. உடைந்தால், வீட்டை விட்டுவிடுங்கள். ஓட்டு வீடாயின் பனங்கையையும் சட்டத்தையும் ஆணியால் குத்திப் பாருங்கள். கறையான் தின்ற மரம் வெளியே வண்ணமும் உள்ளே மாவுமாக இருக்கும். ஓடு மாற்றுவது எளிது, செலவும் குறைவு. மண் சாந்தில் கட்டிய சுவராயின் கூரை ஓடாகவே இருக்கட்டும். அதன்மேல் கான்கிரீட் தளமும் மாடியும் ஏற்றி, வடமாநிலத் தொழிலாளர்க்கு வரிசை வீடாக வாடகைக்கு விடலாம் என்று யாராவது கணக்குச் சொன்னால், அந்தக் கணக்கில் சுவரின் வலிமையைச் சேர்த்தீர்களா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் ஒரு வீட்டில் பொருத்திப் பார்த்தோம். நம்மிடம் மாலை வகுப்பில் படித்த தம்பி ஒருவர், வண்டி உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. காலனியில் ஓர் அம்மையாரின் வீடு 6 லட்சம் ரூபாய்க்கு வருகிறதென்று என்னிடம் வந்தார். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடுத்த மனை. கணவர் பெயரில் பட்டா, பின்னர்த் தொகுப்பு வீடு. கணவர் காலமானார். மருத்துவக் கடன். வேறொரு தரகர் கூடுதல் விலைக்குக் கேட்டிருந்தார், ஆனால் அவர் பின்னே நிற்பவர் நம்மவர் அல்லர்.

பட்டாவில் அச்சிட்டிருந்த நிபந்தனைகளை வரி வரியாகப் படித்தோம். விற்கலாகாத காலம் கடந்திருந்தது. நம் சமூகத்தார்க்கே விற்கலாம் என்பது நின்றது. வாரிசுச் சான்றில் இரு மகன்கள், ஒரு மகள். மகன்கள் கையெழுத்திட வந்தார்கள். "தங்கையைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவள் எதற்கு?" என்றார் மூத்தவர். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டமும், 2005-இல் நாடு முழுமைக்குமான சட்டமும் கூட்டுக்குடும்பச் சொத்திலேயே மகளுக்குச் சமபங்கு தந்துவிட்டன. தந்தை தாமே பெற்ற சொத்தில் 1956 முதலே மகளுக்கு மகனோடு ஒத்த பங்குண்டு. அவ்வம்மாள் வராமல் பத்திரம் எழுத வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். வந்தார். அவர் பங்கு அவர் கையில் தரப்பட்டது. கார்த்திகையில் மூன்று நாள் மழைக்குப் பின் போய்ப் பார்த்தோம். தெருவில் கணுக்கால் நீர், வீட்டுக்குள் இல்லை. சுவர் உறுதி. கூரையில் முன்னறை பரவாயில்லை, அடுக்களைப் பக்கம் கம்பி மெலிந்திருந்தது.

பிறகு பணக்கணக்கு. வீட்டு விலை 6 லட்சம். பதிவுச் செலவு, 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆக, 54,000 ரூபாய். மனைவி பெயரில் பதிந்தால், 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு என்று 2025 ஏப்ரல் முதல் அரசு சலுகை தந்திருப்பதால், 48,000 ரூபாய். கூரையைப் பாதி மாற்றி, கழிப்பறை கட்டி, மின்கம்பி புதிதாக இழுக்கக் கொத்தனார் இரண்டரை லட்சம் சொன்னார். பழைய வீட்டில் சுவரைத் தொட்ட பிறகே சுவருக்குள் என்ன இருக்கிறதென்று தெரியும். ஆகையால் எந்தக் கொத்தனார் மதிப்பீட்டிலும் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். ஏறத்தாழ மூன்றேகால் லட்சத்துக்கு மேல் என்று வைத்தோம். மொத்தம் பத்து லட்சத்தை நெருங்குகிறது. "ஆறு லட்சத்து வீடு" என்பது ஒருபோதும் ஆறு லட்சமன்று.

அவரிடமும் மனைவியிடமும் சேமிப்பு, நகை, வருங்கால வைப்புநிதி எல்லாம் சேர்ந்து ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மீதி 4 லட்சத்துக்குக் கடன். தனியாரிடம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 8,000 ரூபாய் வட்டியே போய்விடும், அசல் அசையாது. வங்கியில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்றால் முதல் மாத வட்டி 3,000 ரூபாய்தான். ஆனால் இத்தகைய பட்டாவுக்கு வங்கி எளிதில் கடன் தருவதில்லை. இங்கேதான் நான் அவரைத் தடுத்தேன். ஒப்பந்தத் தொழிலாளியின் ஊதியத்தை நிலையானது என்று எண்ணிக் கந்து வட்டிக்கு வாங்கலாகாது. 2014-இல் நோக்கியா மூடியபோதும், 2022-இல் மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில் உற்பத்தி நின்றபோதும், நிரந்தரத் தொழிலாளரே திகைத்து நின்றார்கள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போகலாம். கடன்காரர் போகமாட்டார்.

ஆகவே வீட்டை வாங்குவது என்றும், பழுதுபார்ப்பதை இரண்டாகப் பிரிப்பது என்றும் முடிவாயிற்று. விலைக்கும் பதிவுக்கும் கைப்பணத்தோடு உறவினரிடம் வட்டியில்லாமல் ஓரளவு. வீட்டில் முன்னறையை மட்டும் சரி செய்து முதல் ஆண்டு அங்கே குடியிருப்பது. அடுக்களைக் கூரையை இறக்கித் தற்காலிகமாகத் தகரம் போடுவது. வாடகையில் மிச்சமாவதைச் சேர்த்து மறு ஆண்டு கோடையில் தளம் வார்ப்பது. 2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளுள் இரண்டரை லட்சம் வீடுகளைப் பழுது நீக்கப் போவதாக 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. இவ்வீடு அந்தப் பட்டியலில் உள்ளதா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்கவும் சொன்னேன்.

விலையைப் பற்றி ஒரு சொல். தம்பியின் நண்பர்கள், "அந்த அம்மா கடன் நெருக்கடியில் இருக்கிறார், ஐந்துக்கு அடித்துப் பேசு" என்று யோசனை கூறினார்கள். சந்தையில் இது திறமை எனப்படும். ஆனால் நம் காலனிக்குள் நம்மவர் நெருக்கடியை நம்மவரே விலையாக்கினால், அடுத்து விற்பவர் தரகரிடமே போவார். நம்மவர் தருவதைவிட அவர் கூடத் தருவார் அல்லவா? ஆறு லட்சத்தைக் குறைக்காமல் கொடுங்கள், அம்மையார் வேறிடம் பார்க்கும்வரை நான்கு மாதம் பின்னறையில் இருக்க விடுங்கள் என்றேன். தம்பியின் மனைவி எனக்கு முன்பே அதை அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

இதிலிருந்து கழகத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வெள்ளி விழா நிதியில் ஒரு சிறு பகுதியைத் தனியே வையுங்கள். கட்டடம் கட்ட வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பத்திரம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரும், கூரையைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இங்கே அமரட்டும். வாங்க நினைப்பவரும் விற்க நினைப்பவரும் தாள்களோடு வரட்டும். வட்டி இல்லாத சிறு கைமாற்று, கூரைக்கு மட்டும், திருப்பித் தரும் உறுதியோடு தரலாம். நம் காலனிகளில் எந்த எண் எந்த வகை நிலம் என்று ஒரு பதிவேட்டை நம் மாணவர்களே எழுதி வைக்கலாம். கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் இதழ் நடத்தி நம் மக்களின் குறைகளை அச்சில் ஏற்றினார். ஒரு குயர் நோட்டில் சர்வே எண்களை எழுதி வைப்பது அதைவிடக் கடினமான செயலன்று.

கடைசியாக, வாங்கியவர்கள் பழுது பார்க்கும் வரிசையைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் கூரை, இரண்டாவது மின்கம்பி, மூன்றாவது கழிப்பறையும் கழிவுநீரும், பின்னர்த் தரை. வண்ணம் எல்லாவற்றுக்கும் பின்னர். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்துவிட்டதாகச் சொல்லி வண்ணத்தை முதலில் அடிக்காதீர்கள். தொகுப்பு வீட்டின் முன்னறையில் பெரும்பாலும் சன்னல் ஒன்று இருக்கும். அதன் கீழே மூன்றடி நீளத்தில் ஒரு கடப்பைக்கல் பலகையைச் சுவரில் பதித்துவிட்டால், பகல் முழுதும் விளக்கின்றி ஒரு பிள்ளை எழுதலாம். இடம் போதாது, சன்னலை அடைத்துத் தொலைக்காட்சிக்கு அலமாரி கட்டலாம் என்று கொத்தனார் சொல்வார். அவர் எல்லா வீட்டிலும் அதைச் சொல்வார். கூலியைக் குறைக்காமல் கொடுங்கள், அதற்கு மட்டும் உடன்படாதீர்கள்.